ஏழாவது வாரத்து உதடு

பேராசிரியர் கரும்பலகையில் ஒரு முட்டையை வரைந்தார். முட்டையின் நடுவே ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றி ஐந்து மேடுகள்: நெற்றிப் பக்கம் ஒன்று, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு, தாடைக்கு ஒன்றாக இரண்டு. அடியில் 'நான்காவது வாரம்' என்று எழுதிவிட்டு, "மனித முகம்" என்றார். யாரோ சிரித்தார்கள்.

1999 ஜனவரி. கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரி, முதலாண்டு உடற்கூறியல் வகுப்பு. இந்த மேடுகள் ஒன்றை நோக்கி ஒன்று வளர்கின்றன, கன்னத்து மேடுகள் நடுவுக்கு வந்து மூக்கின் மேடுகளோடு ஒட்டிக்கொள்கின்றன, ஏழாவது வாரம் முடிவதற்குள் மேலுதடு ஆகிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிக்கு முந்தின வரிசையைப் பார்த்தார்.

"லோகப்பிரியா, எந்திரிம்மா. எல்லாரும் பாருங்க. இடது பக்கம். அந்த மேடு வந்துச்சு, ஒட்டலை. பின்னால தைச்சிருக்காங்க. நல்லாவே தைச்சிருக்காங்க. உக்காரும்மா."

அவளைக் கேட்காமலேயே அவள் முகத்தைப் பாடமாக்கிவிட்டார். நூறு தலைகள் திரும்பிப் பார்த்துவிட்டு நோட்டுக்குத் திரும்பின. படித்தவர்கள் செய்கிற அநியாயம் மரியாதையான குரலில் வரும், அதனால் அதை அநியாயம் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படி ஆகும்போதெல்லாம் லோகப்பிரியாவுக்குக் காது சூடாகி, கண் தானாகத் தரைக்குப் போகும். அன்றைக்குப் போகவில்லை. அவள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது வாரத்துக்குப் பக்கத்தில் ஐந்தாவது வாரம், அதற்குப் பக்கத்தில் ஆறாவது வாரம். மூன்று முகங்களிலும் மேலுதடு இரண்டு பக்கமும் பிளந்திருந்தது. அது நோய்ப்பட்ட முகத்தின் படமல்ல. எல்லோருடைய முகமும் அதுதான். வரைந்தவருக்கும், சிரித்தவனுக்கும், திரும்பிப் பார்த்த நூறு பேருக்கும் ஒரு காலத்தில் உதடு பிளந்துதான் இருந்திருக்கிறது.

தன்னுடைய உதடு கிழிந்தது என்றுதான் பதினெட்டு வயது வரை அவள் நினைத்திருந்தாள். கிழியவே இல்லை. சேரவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த யுஸ்ரா நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: 'அவரு மூக்குக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கு பாரு. அது ஒட்டுன தடம்தான். அவரையும் எந்திரிக்கச் சொல்லலாமா?' லோகப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் விரலால் யுஸ்ராவின் மூக்குக்குக் கீழே இருந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை.

இந்தப் பாடம் அவளுக்கு வெறும் பாடமாக முடிந்துபோகாததற்குக் காரணம் அவள் அம்மா.

அம்மா பாவாத்தாள், சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் வேலை செய்தவள். அப்பா தம்பிதுரை பக்கத்திலேயே ஒரு வார்ப்பாலையில் மோட்டார் பம்புக்கு மண் அச்சுப் பிடிக்கிறவர். 1980 பிப்ரவரி பதினாறாம் தேதி சூரிய கிரகணம் பிடித்தபோது பாவாத்தாளுக்கு ஏழாம் மாதம். பகலிலேயே ஊர் கதவடைத்துக் கிடந்தது. வெளியே வரக் கூடாது, எதையும் அறுக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று அவளையும் ஓர் அறைக்குள் விட்டுச் சாத்தியிருந்தார்கள். வெளியே, தம்பிதுரையின் அக்கா பழனியாத்தாள் வளர்த்த சினையாடு கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்து கயிறு கழுத்தை இறுக்கி, நாக்கைத் தள்ளிக்கொண்டு கத்தியது. யாரும் எழுந்து வரவில்லை. பாவாத்தாள் கதவைத் திறந்துகொண்டு போய், கூரையில் செருகியிருந்த அருவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். ஆடு பிழைத்தது, இரண்டு குட்டியும் போட்டது.

மே மாதம் லோகப்பிரியா பிறந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்த பழனியாத்தாள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அருவா எடுத்த கை."

அந்த வார்த்தை பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தது. பாவாத்தாள் எந்த வளைகாப்பிலும் எந்தப் பெண்ணின் கைக்கும் வளையல் போட்டதில்லை. சீர் நடக்கும் வீட்டில் அவள் அடுப்படியில் நிற்பாள், பந்தி பரிமாறுவாள், சந்தனக் கிண்ணம் பக்கம் வரமாட்டாள். யாரும் விரட்டியதில்லை, அவளாகவே நகர்ந்துகொள்வாள். ஆட்டுக்குச் சொந்தக்காரியான பழனியாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள்.

தம்பிதுரை மனைவியைத் திட்டியதில்லை. அக்காவை மறுத்ததும் இல்லை.

இப்போது அண்ணன் மதன்குமாரின் மனைவி சிந்தாமணி முழுகாமல் இருந்தாள். வருகிற ஆடி அமாவாசையன்று, ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, மறுபடியும் சூரிய கிரகணம் என்று பஞ்சாங்கம் சொல்லிவிட்டது. ஜூன் மாதமே பழனியாத்தாள் வந்து உத்தரவு போட்டுவிட்டுப் போனாள்.

"அமாவாசை அன்னிக்கு பாவாத்தாள நான் கொடுமுடிக்குக் கூட்டீட்டுப் போயிர்றேன் தம்பி. காவேரில முழுகீட்டு, பொறப்பு முடியறமுட்டும் அங்கியே எங்கூட கெடக்கட்டும். முழுகாத புள்ள இருக்கற ஊட்டுல இவ கை எதுக்கு?"

"செரிங்கக்கா" என்றார் தம்பிதுரை.

மருமகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து பேறுகாலம் வரை மாமியார் வீட்டில் இருக்கக் கூடாது. வளைகாப்பில் இருக்கக் கூடாது. பேரப்பிள்ளையை முதலில் ஏந்தக் கூடாது. பாவாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

லோகப்பிரியா பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். கருவியல் புத்தகம் ஆங்கிலத்தில் செங்கல் கனத்தில் இருந்தது. அதை அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தன் வீட்டுத் தமிழில் மாற்றி எழுதிக்கொண்டாள். மூன்றாவது வாரம் நாம் ஒரு தகடு, மூன்றடுக்குத் தகடு. தகட்டின் நடுவில் ஒரு கோடு விழுகிறது, கோடு வாய்க்காலாகிறது, வாய்க்காலின் இரண்டு கரையும் எழுந்து கூடிக் குழாயாகிறது. அந்தக் குழாய்தான் பிறகு மூளையும் தண்டுவடமும். இருபத்திரண்டாம் நாள் வாக்கில் இதயம் துடிக்கிறது. அப்போது அது இதயமாகக்கூட இல்லை, வெறும் குழாய். இரத்தம் ஓட இடமே சரியாக ஆகவில்லை, ஆனால் அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த வரியை எழுதிய அன்று அவள் பேனாவை மூடிவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்று தொடங்கியது இன்றுவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோயிலில் கூட அவளுக்கு இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. சொன்னால் அத்தை அடிக்க வருவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

துறையின் அருங்காட்சியகத்தில், அலமாரியின் நடுத்தட்டில், கருக்கள் வாரவாரியாகக் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தன. ஐந்தாவது வாரம் துவரம்பருப்பு அளவு. ஏழாவது வாரம் மொச்சை அளவு. மொச்சைக்கு நெற்றி இருந்தது, ஓரத்தில் கருப்பாகக் கண் இருந்தது, கை இருக்க வேண்டிய இடத்தில் துடுப்பு மாதிரி ஒன்றும் அதில் விரலுக்கான கோடுகளும் இருந்தன. லோகப்பிரியா உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கேயே நின்றாள்.

"அங்கேயே குடித்தனம் வச்சிருவியாடி?" என்று கேட்டுக்கொண்டே யுஸ்ரா வந்தாள். கோட்டைமேட்டுக்காரி. 1998 குண்டுவெடிப்பிலிருந்து அவள் தெருவின் முனையில் சோதனைச்சாவடி இருந்தது. முந்தின வாரம் அவள் பையைக் கவிழ்த்த காவலர், படிப்பதற்காக எடுத்துப்போன மனிதத் தாடையெலும்பைப் பார்த்து இரண்டடி பின்வாங்கியதை அவள் நடித்துக் காட்டுவாள்.

"நான் எப்பப் பொறந்தேன்?" என்றாள் லோகப்பிரியா.

"எங்கிட்டக் கேக்கிற?"

"மே பத்து, எம்பது. மாசம் நெறஞ்சுதான் பொறந்தேன், அம்மாகிட்டக் கேட்டுப்போட்டேன். அதுக்கு இருநூத்தி அறுபத்தாறு நாள் முந்தி கணக்குப் பண்ணு."

இருவரும் நோட்டின் பின்னட்டையில் கழித்தார்கள். 1979 ஆகஸ்ட் பதினெட்டு வந்தது. அதிலிருந்து ஏழு வாரம் கூட்டினார்கள். அக்டோபர் ஆறு. ஒரு நான்கு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

"புரட்டாசி" என்றாள் லோகப்பிரியா. "புரட்டாசியிலயே என்ற உதட்டுக் கதை முடிஞ்சுபோச்சு. கெரகணம் மாசியில. நடுவுல நூத்தி முப்பத்திமூணு நாளு. அன்னிக்கு அம்மா ஆட்டுக் கயித்தை அறுத்தாலும் சரி, ஆட்டையே அறுத்தாலும் சரி..."

யுஸ்ரா அந்தக் கழித்தல் கணக்கைத் தன் நோட்டிலும் எழுதி வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போகும் பேருந்தில் லோகப்பிரியா அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். புத்தகத்தைக் காட்டினால் தலையாட்டுவார், நம்பமாட்டார். அவருக்குப் புரிகிற இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தம்பிதுரையிடம் ஒரு கதை உண்டு. கல்யாண வீடுகளில் இலை போடுவதற்குள் ஒருமுறை சொல்லிவிடுவார். வார்ப்பாலையில் இரும்பை உருக்கி அச்சுக்குள் ஊற்றும்போது அது இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடி மறுமுனையில் வந்து கூடும். கூடும் இடத்தில் சூடு குறைந்திருந்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளும், ஆனால் ஒட்டாது. இரும்பில் ஒரு கோடு நின்றுவிடும். அதற்குக் 'கோல்டு ஷட்' என்று பெயர். ஒவ்வொரு வார்ப்பிலும் ஊற்றிய நாளின் எண் புடைப்பாக விழுந்திருக்கும். லோகப்பிரியாவுக்கு உதடு தைத்த வாரம், கோடு விழுந்த பதினோரு வார்ப்புகளை வைத்துக்கொண்டு மேஸ்திரி தம்பிதுரை மேல் பழி போட்டார். தம்பிதுரை குனிந்து மண்ணைத் துடைத்து எண்ணைப் படித்துக் காட்டினார். "அன்னிக்கு நான் வேலைக்கே வர்லீங்க. புள்ளையத் தூக்கீட்டு ஆஸ்பத்திரில உக்காந்திருந்தனுங்க. நான் பேசல, நம்பர் பேசுது பாருங்க." மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். கதை முடிந்தது.

சாயங்காலம் அவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் லோகப்பிரியா தொடங்கினாள்.

"அப்பா, கோல்டு ஷட்டு எப்ப உழுகுமுங்க?"

"ஊத்தறப்பத்தான். வேறெப்ப?"

"வார்ப்பு ஆறி, ராவி, பெயிண்டு அடிக்கறாங்களே, அந்தாளு கை பட்டு உழுகாதுங்களா?"

"ஏனம்மணி, டாக்டருக்குப் படிக்கறவ கேக்கற கேள்வியா இது? கூடறப்ப கூடுனாக் கூடுனதுதான். அப்பறம் சம்மட்டில அடிச்சாலும் அந்தக் கோடு வேற, இந்த ஒடசல் வேற. பாத்தாலே தெரியும்."

"என்றதும் கோல்டு ஷட்டுதானுங்க" என்று அவள் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு வருது, அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு வருது. ஏழாவது வாரத்துல கூடணும். எனக்கு ஒரு பக்கம் கூடல. நம்பர் பாத்தேன். ஊத்துன நாளு புரட்டாசி. அம்மா அருவா எடுத்தது மாசி."

தம்பிதுரை துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நோட்டை வாங்கி அந்தக் கழித்தலை விரல் வைத்துச் சரிபார்த்தார். "பத்தொம்பது வருசம் பெயிண்டு அடிக்கறவளப் புடிச்சு நிக்க வச்சிருக்கறமா?" என்றார்.

அவளுக்கு வென்றுவிட்டது போலிருந்தது. அப்போதுதான் அடுப்படி வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்கண்ணு, நம்பர் தெரிஞ்சா அன்னிக்கு ஊத்துன ஆளைத்தான கூப்புடுவாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப அன்னிக்கும் நாந்தான ஊத்துனேன்?"

பழியைத் தள்ளிவிட்டதாக லோகப்பிரியா நினைத்திருந்தாள். தள்ளவில்லை. மாசியிலிருந்து புரட்டாசிக்கு மாற்றி வைத்திருக்கிறாள். வார்ப்பாலை வீட்டுப் பிள்ளைதான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்: எண் என்றால் ஆள் உண்டு என்று நம்புகிற வீடு அது.

அன்றிலிருந்து பாவாத்தாள் அந்தப் புரட்டாசியைத் துழாவத் தொடங்கினாள். "மொதச் சனிக்கெழம வாந்தி. தெரியும் எனக்கு, நீ இருக்கறது தெரியும். ரெண்டு ஷிப்ட்டு நின்னேன். பப்பாளி ஒரு துண்டு வாயில வச்சுத் துப்பிப்போட்டேன். மில்லு வாசப்படில ஒருநா சறுக்கிச்சு, உழுகல." ஒவ்வொரு வாரமும் ஒன்று கிடைத்தது. மகள் ஒவ்வொன்றையும் இல்லை இல்லை என்று தள்ளினாள்.

"அப்ப எதுனாலன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது?"

"பல காரணம் சேந்து வரும், பெரும்பாலும் இன்னதுன்னு தெரியறதில்லைன்னு போட்டிருக்குதும்மா."

"அத்தாச்சோட்டுப் பெரிய புஸ்தகத்துலயா?"

தெரியாது என்று அச்சடித்து ஒப்புக்கொள்வது எத்தனை பெரிய நேர்மை என்று லோகப்பிரியாவுக்குத் தெரிந்தது. ஆனால் நேர்மை அம்மாவின் நெஞ்சுக்கு மருந்தாகவில்லை. தெரியாது என்று விட்ட இடத்தில் அம்மா தன் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் இதை யுஸ்ராவிடம் சொன்னாள். "செஞ்சது யாருன்னு பாக்காம தெருவையே புடிச்சு நிறுத்தறவங்க மத்தியில இருக்கோம். எங்க தெருவுக்கும் உங்கப்பா வார்ப்புல இருக்கிற மாதிரி ஒரு நம்பர் அடிச்சுக் குடுத்தாத் தேவலை" என்றாள் யுஸ்ரா. "கணக்குச் சொல்லாதடி. கூட்டிட்டு வந்து காட்டு."

ஜூலைக் கடைசியில் கல்லூரியில் பொதுமக்களுக்கு மருத்துவக் கண்காட்சி நடந்தது. மதுக்கரை சிமெண்டுத் தொழிலாளிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கைக்குழந்தைக்காரிகளும் வரிசை வரிசையாக வந்தார்கள். கருவியல் மேசைக்கு லோகப்பிரியா தானாகக் கேட்டு நின்றாள். குப்பிகளை வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒவ்வொரு வாரத்து முகத்தையும் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கிச் செய்த பிளாஸ்டர் உருவங்களையும் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து தொண்டை கட்டும்வரை பேசினாள். "இது நெசமா, மெழுகா?" என்று ஒருவர் கேட்டார். "ஏனுங்க, இதுக்கு வாலு இருக்குதே?" என்று இன்னொருவர். "எல்லாத்துக்கும் இருந்துச்சுங்க. உங்குளுக்கும்தான்" என்றாள். அவர் திரும்பித் தன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

மதியத்துக்கு மேல் வரிசையில் அம்மாவும் அப்பாவும் நின்றிருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குச் சேலை. முறை வந்தபோது லோகப்பிரியா மற்றவர்களுக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்கும் சொன்னாள்.

பாவாத்தாள் முதலில் பிளாஸ்டர் முகங்களைப் பார்த்தாள். நான்கு, ஐந்து, ஆறு. விரல் நீட்டிக்கொண்டே போய் ஆறில் நின்றாள்.

"இதுக்கும் பொளந்திருக்குது?"

"எல்லாத்துக்கும் பொளந்துதாம்மா இருக்கும். அப்பாவுக்கு இருந்துச்சு. அத்தைக்கும் இருந்துச்சு."

"உங்கத்தைக்கா?" என்றாள் பாவாத்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. தம்பிதுரை மீசைக்குக் கீழே தடவிக்கொண்டார்.

பிறகு மகள் உருப்பெருக்கியைக் கையில் கொடுத்து ஏழாவது வாரத்துக் குப்பியைக் காட்டினாள். பாவாத்தாள் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. "சித்தெ பொறுங்க" என்று தம்பிதுரை திரும்பிச் சொன்னார்.

"இதா?"

"அதாம்மா."

"இத்தனூண்டா இருந்தே நீ?"

"ஆமாம்மா. அன்னிக்கு நான் அத்தனைதான்."

"கண்ணு தெரியுது. வெரலுக்குக் கோடு போட்டு வச்சிருக்குது." அவள் குரல் இறங்கியிருந்தது, தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி. "உதடு எங்கன?"

லோகப்பிரியா ஊசி முனையால் கண்ணாடிக்கு வெளியே இருந்து காட்டினாள். எள்ளில் பாதி இருக்காது.

பாவாத்தாள் உருப்பெருக்கியை மேசைமேல் வைத்தாள். தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். நூல் முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல்கள். சுட்டுவிரலைக் குப்பியின் பக்கத்தில் வைத்து, நகத்தையும் உள்ளே இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த எடத்துல என்ற கை எங்கிருந்து எட்டும்?" என்றாள். "நானே நெனச்சாலும் எட்டாதே. அருவா எட்டுமா? பப்பாளி எட்டுமா?" மகளைப் பார்த்தாள். "இதைய யாரு ஊத்துறாங்க?"

"யாரும் ஊத்தறதில்லீங்கம்மா. அதுவே வருது, அதுவே கூடுது."

"ஒவ்வொண்ணுமா?"

"ஒவ்வொண்ணும்."

"இத்தனையும் ஆள் இல்லாம நடக்குதா? அப்ப எத்தனை எடம் தப்பிப் போயிருக்கோணும். ஒரு எடந்தான் ஒட்டலயா உனக்கு?" பாவாத்தாள் மகளின் தழும்பைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள். "ஒட்டாததுக்கு ஆள் தேடறோம். மிச்சமெல்லாம் ஒட்டுச்சே, அதுக்கு யாராச்சு ஆச்சரியப்பட்டாங்களா?"

எத்தனையோ முறை படித்த புத்தகத்தில் அந்த வாக்கியம் இல்லை. லோகப்பிரியா அடுத்து வந்தவர்களுக்கு அன்று சாயங்காலம் வரை அதைத்தான் சொன்னாள்.

ஆடி அமாவாசை அன்று மதியமே பழனியாத்தாள் துணிப்பையோடு வந்துவிட்டாள். சிந்தாமணியை ஓர் அறைக்குள் உட்கார வைத்து, சன்னலுக்குச் சாக்குக் கட்டி, கதவைச் சாத்திவிட்டுத்தான் தண்ணீரே குடித்தாள். கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் நின்ற லோகப்பிரியா நோட்டை எடுத்துக் கணக்கைச் சொன்னாள். பழனியாத்தாள் பொறுமையாகக் கேட்டாள். முட்டாள் அல்ல அவள்.

"செரி அம்மணி. புரட்டாசின்னே வெச்சுக்கலாம். அப்ப எதுனால ஆச்சு, சொல்லு?"

"தெரியாதுங்க அத்தை."

"உன்ற வாத்தியாருக்கு?"

"அவருக்கும் தெரியாதுங்க."

"ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா நாஞ் சொல்றது மட்டும் தப்புன்னு தெரியுமாக்கு?"

"திருடுனது யாருன்னு தெரியாதுங்க அத்தை. திருட்டுப் போன அன்னிக்கு ஊர்லயே இல்லாத ஆளு திருடலைன்னு தெரியுமுங்க."

"படிப்பு நல்லா வாயைத்தான் தைச்சிருக்குது" என்றாள் பழனியாத்தாள். "பாவாத்தா, பொறப்படு."

அப்போது தம்பிதுரை பேசினார். அவருடைய கண் தரையில்தான் இருந்தது. "அக்கா, அன்னிக்கு அந்தக் கயித்தை அறுக்கலீன்னா உங்க ஆடு செத்திருக்குமுங்க. அதைய ஒருநாளும் நீங்க சொல்லலீங்க. நானும் சொல்லலீங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றார்.

பழனியாத்தாள் தம்பியைப் பார்க்கவில்லை. பாவாத்தாளைப் பார்த்தாள். பாவாத்தாள் எழுந்து வந்து அந்தத் துணிப்பையைத் தூக்கினாள். அம்மா போகப் போகிறாள் என்று லோகப்பிரியா நினைத்தாள்.

பெண்கள் மூவருமாகச் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்கள். அமாவாசைக் கூட்டம். கொடுமுடிப் பேருந்துகள் இரண்டு நிற்காமலே போயின. ஐந்து மணிக்கு ஒன்று வந்து நின்றது.

"கெரகணத்துல பஸ்ஸுல போலாங்களா அத்தை?" என்றாள் லோகப்பிரியா.

"போற எனக்கென்ன? ஓட்டறவனுக்குத்தான் தோசம்" என்றாள் பழனியாத்தாள். ஏறி இடம் பிடித்து, பக்கத்து இடத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஏறு பாவாத்தா" என்றாள்.

பாவாத்தாள் சன்னல் வழியாகப் பையை நீட்டினாள். கணவனின் அக்காவை அவள் எப்போதும் அழைப்பது போலவே அழைத்தாள். "நங்கை, நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ஊட்டுல வேல கெடக்குது."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்ற கை அங்க எட்டாதுங்க நங்கை. நான் பாத்துட்டு வந்துட்டேன்."

பேருந்து புறப்பட்டது. பழனியாத்தாள் பக்கத்து இடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது தெருவில் ஆள் இல்லை. கடைகள் பாதி இறக்கியிருந்தன. மேற்கே சரிந்த வெயில் வெளிறி, பித்தளைப் பாத்திரத்தைப் புளி போடாமல் தேய்த்த மாதிரி ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. மில்லின் மதில் ஓரம் புங்க மரங்கள் வரிசையாக நின்றன. பாவாத்தாள் சட்டென்று நின்றாள்.

மதில் முழுக்கப் பிறைகள். இலைகளின் இடுக்கில் வந்து விழும் வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும், வழக்கமாக வட்டமாக இருப்பது, பிறையாக வளைந்திருந்தது. நூறு, ஆயிரம், எண்ண முடியாது. காற்று அடித்ததும் அத்தனையும் சேர்ந்து அசைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மறுபடி தனித்தனியாக நின்றன.

"மேல பாக்கக் கூடாதும்மா, கண்ணுக்கு ஆகாது. அது சாமி குத்தமில்ல, வெளிச்சம் சுட்டுப்போடும். செவுத்துல பாக்கலாம்" என்றாள் லோகப்பிரியா. "இலைக்கு நடுவுல இருக்கற ஒவ்வொரு ஓட்டையும் சூரியனைப் படம் புடிச்சுக் காட்டுது. மறைஞ்ச சூரியன், அதனால பிறை."

பாவாத்தாள் வலது கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஏழெட்டுப் பிறைகள் வந்து உட்கார்ந்தன. சின்னச் சின்ன அருவாள்கள் மாதிரி இருந்தன. கையை மூடினாள், முட்டிமேல் ஏறிக்கொண்டன. திறந்தாள், மறுபடி உள்ளே வந்தன.

"இதைய பாக்க உடாமத்தான் என்னைய ஊட்டுக்குள்ள அடச்சு வச்சிருந்தாங்களாக்கு" என்றாள்.

பிறகு அவள் நடந்த நடைக்கு லோகப்பிரியா ஓட வேண்டியிருந்தது. வீட்டு வாசலுக்கு நேரே எதிர்வீட்டு வேம்பு சுவரில் இதே பிறைகளை வாரி இறைத்திருந்தது. தம்பிதுரை கதவருகே நின்றுகொண்டிருந்தார். பாவாத்தாள் அவரைத் தாண்டிப் போய், சாத்தியிருந்த அறையின் தாழை நீக்கினாள். இருட்டில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்த சிந்தாமணி பயந்து எழுந்தாள்.

"அத்தை, விட்டிருச்சுங்களா?"

"விடல கண்ணு. விடறதுக்குள்ள வா." பாவாத்தாள் மருமகளின் கையைப் பிடித்தாள். "மேல பாக்காத. செவுத்தைப் பாரு."